ஒட்டாத மெழுகை ஒட்டவைப்பது

ஃபைபர் படகு வார்க்கும் பட்டறைகளில் அச்சின் உட்புறம் முதலில் மெழுகு தேய்ப்பார்கள். பிசின் இறுகியதும் படகு அச்சைவிட்டுச் சுத்தமாகக் கழன்று வரவேண்டும் அல்லவா? அதேபோன்ற ஒரு மெழுகைப் பிசினுக்குள் கலந்து, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் என்று பாலிமர் ஆய்வாளர்கள் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம், வெப்பம். ஆக்டாடெக்கேன் என்ற பாரஃபின் மெழுகு சுமார் 28 டிகிரி செல்சியஸில் உருகும். ஒரு கிலோ உருக ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். உருகி முடியும்வரை சூடு ஏறாது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்தான். அதே வெப்பத்தை ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் 57 டிகிரி ஏறிவிடும். குளிரும்போது மெழுகு உறைந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். விண்வெளி வீரர்களின் கையுறைக்காக 1980களில் நாசா ஆதரவில் வளர்ந்த யோசனை இது. பிறகு உடைகளுக்கும் சுவர்ப் பூச்சுக்கும் வந்தது.

உருகிய மெழுகு ஒழுகாமலிருக்க, அதை மெலமைன் போன்ற பிசினால் ஆன மெல்லிய ஓட்டுக்குள் அடைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குளிகைகள். அவற்றை எபாக்சி என்ற பிசினில் கலந்து வார்த்தால், சுமை தாங்கும் தகடே வெப்பத்தையும் சேமிக்கும். அதற்கென்று தனிப்பெட்டி வேண்டாம். காகிதத்தில் அழகான கணக்கு.

தகட்டை இழுத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். கடலை மிட்டாயை உடைத்துப் பாருங்கள். பாகு சரியாகப் பிடித்திருந்தால் கடலையும் சேர்ந்து உடையும். பதம் தவறியிருந்தால் கடலை முழுதாகக் கழன்று, பாகில் வழவழப்பான குழி மிஞ்சும். மின்னணு நுண்ணோக்கியில் உடைந்த தகட்டின் முகத்தைப் பார்ப்பவர்களும் அந்தக் குழியைத்தான் தேடுகிறார்கள். குழிகள் நிறைந்திருந்தால் குளிகைகள் பாரத்தில் பங்கெடுக்கவில்லை. இழுக்கும் விசைக்கு அவை வெறும் ஓட்டைகள்.

ஓட்டையாகிப்போனால் நட்டம் எவ்வளவு? நிக்கொலாயிஸ், நார்கிஸ் என்ற இருவர் 1971இல் தந்த சூத்திரம், பிடிப்பே இல்லாத உருண்டைகளுக்கானது. பாரத்தைப் பிசின் மட்டுமே சுமக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. கன அளவில் 20 விழுக்காடு உருண்டைகள் இருந்தால், முன்பு 100 தாங்கிய தகடு 59தான் தாங்கும். 30 விழுக்காடானால் 46. வெப்பத்துக்காகக் குளிகையைக் கூட்டக் கூட்ட வலிமை இப்படிச் சரிகிறது. லேசாக வளைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் வம்பு. சிறு விசையில் எல்லாம் ஒட்டியே இருக்கும். விறைப்பை அளந்து திருப்தியடைந்தவர் ஏமாந்துபோவார்.

ஒட்டும் இடமோ கொஞ்சநஞ்சமல்ல. 20 மைக்ரான் விட்டமுள்ள குளிகைகள் ஒரு கன சென்டிமீட்டர் இருந்தால், அவற்றின் மேற்பரப்பு 3,000 சதுர சென்டிமீட்டர், அதாவது மூன்று சதுர அடிக்கும் மேல். கலக்கும்போது சில குளிகைகள் நசுங்கி மெழுகு கசிந்தால் அது இந்தப் பரப்பில்தான் படரும். படகுப் பட்டறையில் மெழுகு செய்யும் வேலையை இங்கேயும் செய்துவிடும்.

இதற்கு மருந்து கடலிலிருந்து வந்தது. அலையடிக்கும் பாறையில் சிப்பிகள் ஒட்டிக் கிடப்பது அவற்றின் பசைப் புரதத்திலுள்ள டோபா என்ற அமினோ அமிலத்தின் துணையால். அதற்கு நெருங்கிய உறவான டோபமைனை லேசான காரத்தன்மையுள்ள நீரில் கரைத்து எந்தப் பொருளை முக்கினாலும், அதன்மேல் பாலிடோபமைன் படலம் படியும் என்று 2007இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெஸ்ஸர்ஸ்மித் குழு காட்டியது. இத்தாலியின் ட்ரென்டோ பல்கலைக்கழகத்துக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர பாலிமர் ஆய்வு நிலையத்துக்கும் தொடர்புள்ள ஆய்வாளர்கள் 2020இல் மெழுகுக் குளிகைகளுக்கு இதே பூச்சைக் கொடுத்து எபாக்சியில் கலந்தார்கள். குளிகையின் முகம் சொரசொரப்பானது, எபாக்சியோடு பிடிப்பும் கூடியது.

பிடிப்பு கூடினால் வெப்பத்துக்கும் லாபம். கழன்ற குளிகையைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். காற்றோ எபாக்சியைவிடப் பலமடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். பாரஃபின் உருகும்போது பத்து விழுக்காடு அளவில் பருத்து, உறையும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒட்டைச் சோதிக்கிறது. ஆகவே புதுத் தகட்டின் வலிமையை மட்டும் சொல்லும் அறிக்கைகளை நான் பாதிதான் நம்புவேன். நூற்றுக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு எவ்வளவு தாங்குகிறது என்பதல்லவா விஷயம்?

பிடிப்பு எவ்வளவு கெட்டியானாலும் குளிகை எஃகாகிவிடாது. உள்ளே இருப்பது மெழுகு. ஒட்டு விடாதபோது அடுத்துக் கிழிவது ஓடு. ஓடு கிழிந்தால் மெழுகு வெளியே. ஓட்டைத் தடிமனாக்கலாம்தான். ஆனால் அந்தத் தடிமன் வெப்பத்தைச் சேமிக்காத வெறும் எடை. இழைத்துணி அடுக்கிய தகடுகளில் குளிகைகளை நடுப்பகுதியில் மட்டும் வைப்பது ஒரு வழி: வளைக்கும்போது நீள்வதும் நசுங்குவதும் வெளிமுகங்களில்தான் அதிகம். ஆனால் அடுக்கோடு அடுக்கு வழுக்கப் பார்க்கும் விசை உச்சத்தில் இருப்பது நடுப்பகுதியில்.