ஜவ்வாது மலை: விற்க முடியாத வீடு... வரமா, சுமையா?

ஊர்நாட்டில் வீடு விற்க மாதக்கணக்கில் இழுக்கும். விலை படிய வேண்டும், பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும், வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்க வேண்டும், வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டும். இதில் ஒன்று தட்டினாலும் பத்திரப்பதிவு தள்ளிப்போகும்.

ஆனால், மலையாளி பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையில் சில வீடுகளை எத்தனை வருடம் காத்திருந்தாலும் விற்க முடியாது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டா பெற்ற இடங்கள் அவை.

அந்த உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் போய்ச்சேரும். விற்கவோ, வேறொருவர் பெயருக்கு மாற்றவோ மட்டும் சட்டம் இடம் தருவதில்லை. அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குக் கேட்டு வருபவர்களிடமிருந்து மண்ணைக் காப்பது இந்தத் தடைதான். மகளின் படிப்புக்கோ, மருத்துவச் செலவுக்கோ பணம் தேவைப்படும்போது கையைக் கட்டிப்போடுவதும் இதே தடைதான்.

மலையில் மலிவாக வீடு வருகிறது என்று யாராவது ஆசை காட்டினால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது எந்தப் பட்டா?’