புகைபோக்கியும் தறி வீடும்

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையின்போது, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சங்க இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். சரக்கறையில் ஒரு கைலியைப் பற்றித் தகராறு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கட்டத்தின்மேல் ஒரு முழ நீளத்துக்குப் பழுப்பும் கறுப்புமாகக் கறை. “ஓடு ஒழுகிவிட்டது” என்றார் நெய்த அங்கத்தினர். விதிப்படி அதனை இரண்டாந்தரம் என்று பதிந்து கையொப்பமிட்டேன். அவருடைய கூலியில் ஒரு பகுதி அந்தக் கையொப்பத்தோடு போயிற்று.

ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஓட்டின் வழியே இறங்கும் மழைநீர் துணியை நனைக்கும்; சிறிது மண் கறையும் உண்டாக்கும். தாரைப் போன்ற கறையை அது எங்கிருந்து கொண்டுவரும்? மாலையில் அவர் இல்லத்துக்கே போய்ப் பார்த்தேன். ஒரே நீண்ட கூடம்; ஒரு புறம் குழித்தறி, அரைச்சுவருக்கு அப்பால் அடுப்பு. அடுப்பின் பின்னிருந்து ஒரு குழாய் ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே சென்றது. “ஐயா, ஓட்டை மாத்தி மாத்திக் கை ஓஞ்சுபோச்சுங்க” என்றார் அவருடைய தாயார். பாவம், குற்றம் ஓட்டில் இல்லை. குழாயின் தலையில் மூடி இல்லை. ஓட்டோடு அது சேருமிடத்தில் பூசிய சிமெண்டு வெடித்துக் கிடந்தது. பெய்த மழை குழாயின் உட்புறக் கரியைக் கரைத்துக்கொண்டு இணைப்பின் வழியே கசிந்து, புறத்தே வழிந்த நீரோடு கலந்து, கைமரத்தைப் பற்றிக்கொண்டே நடந்து, சரியாகப் பாவின்மேல் சொட்டியது.

எரிவாயு வந்த பின்னர்ப் புகைபோக்கி எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் சிலிண்டர் எட்டாத வீடுகளுக்கும் அது எட்டியது மெய்யே. எனினும் வெந்நீர் வைக்கவும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சவும், சிதம்பரம் பக்கத்து விவசாயி வீட்டுச் செலவுக்கு நெல் அவிக்கவும் விறகடுப்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

புகையில்லா அடுப்பு என்பது புதுமையன்று. நம் பாட்டிமார் வைத்திருந்த கொடியடுப்பையே எடுத்துக்கொள்வோம். முதல் அடுப்பின் அனல் பக்கத்து வாய்க்கும் சென்று பாலையோ பருப்பையோ காய்ச்சுகிறது. அந்த அனல் கடைசியில் அறைக்குள் வராமல் ஒரு குழாயில் ஏறும்படி செய்துவிட்டால் அதுவே புகையில்லா அடுப்பு. வார்தாவின் மகன்வாடியிலும், ஹைதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையில் டாக்டர் எஸ். பி. ராஜு அவர்களாலும் இவ்வகை அடுப்புகள் உருவாக்கப்பட்டன. 1983-இல் மத்திய அரசு இதற்கென ஒரு தேசியத் திட்டமே தொடங்கி, 2002 வரை நடத்தி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை அமைத்தது.

அவற்றில் எத்தனை இன்று புகையை வெளியே தள்ளுகின்றன என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டும். ஒடிசாவில் எஸ்தர் டூஃப்லோ முதலிய அறிஞர்கள் புகைபோக்கி அடுப்பு பெற்ற குடும்பங்களை நான்காண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். முதலாண்டில் சமைப்பவர் உட்கொண்ட புகை குறைந்தது. பின்னர் அந்தப் பலன் மறைந்தே போயிற்று. அடுப்பைச் சரிவரப் பயன்படுத்தாமையும் பழுது பார்க்காமையுமே காரணம். கட்டிக் கொடுப்பதற்குத் திட்டம் உண்டு, துடைப்பதற்கு ஆள் இல்லை என்பதே இதன் பொருள். குறிஞ்சிப்பாடிக்கு அடுத்த வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாது எரிகிறதென்றால், அதனை நாள்தோறும் பேணுவோர் இருப்பதனால்தான்.

புகை தானாக மேலேறுவதன் சூத்திரம் எளிது. சூடான காற்று இலேசானது. குழாய் உயரமாகவும் வெப்பமாகவும் இருந்தால் அது விரைந்து ஏறி, கீழிருந்து புதுக்காற்றை இழுக்கும். கரி படிந்தால் வழி குறுகும். மூன்று அங்குலக் குழாயின் உட்சுவரில் கால் அங்குலம் கரி படிந்தால், புகை செல்லும் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அரை அங்குலமானால் பாதிக்கு மேல் அடைந்துவிடும். அப்போது புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி, ஊதுபவரின் கண்ணையும் மார்பையும் தாக்கும். நெசவு வீட்டில் நூலையும் விடாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அடுப்பு நன்றாக ஆறிய பின்னர், தென்னை நாரை உருண்டையாகக் கட்டி, கயிற்றில் ஒரு கல்லும் சேர்த்து, மேலிருந்து இறக்கி ஏற்றினால் கரி உதிர்ந்துவிடும். அடியில் விழுந்ததை அள்ள வேண்டும். அதை மறந்து பயனின்றிப் போனவர்களையும் கண்டிருக்கிறேன். ஈர விறகு தாரை மிகுதியாக்கும். காய்ந்த சவுக்கு நல்லது. பண்ருட்டிப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் முந்திரித் தோட்டை வீட்டடுப்பில் இடலாகாது. அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது, அதன் புகையோ கடுமையானது. குழாயில் திரண்ட தார் ஒரு நாள் தீப்பற்றினால், கீற்றுக் கூரைக்காரர் நிலை என்னவாகும்? கீற்று வீடுகளில் குழாயைக் கூரை வழியே விடாமல் சுவரின் வழியே வெளியேற்றி, கூரை விளிம்புக்கு எட்டி நிறுத்துவதே உத்தமம்.

இனி ஒழுக்கு. குழாயைச் சுற்றிச் சிமெண்டு பூசுவது வீண் வேலை. குழாய் நாள்தோறும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்குகிறது. ஓடு அப்படியே இருக்கிறது. நடுவிலுள்ள பூச்சு வெடிக்காமல் என்ன செய்யும்? தகரவேலை செய்பவரிடம் சொல்லி ஒரு கழுத்துப்பட்டை அடிக்கச் செய்யுங்கள். அதன் மேல் விளிம்பு மேல்வரிசை ஓட்டின் அடியில் செருகப்பட வேண்டும்; கீழ் விளிம்பு கீழ்வரிசை ஓட்டின்மேல் படிய வேண்டும். இதை மாற்றி வைத்தால் ஒழுக்கு இரட்டிப்பாகும். பட்டைக்கு மேலே குழாயைச் சுற்றி ஒரு சிறு தகரப் பாவாடை; உச்சியில், புகை பக்கவாட்டில் செல்ல இடம் விட்டு, ஒரு தொப்பி. குழாயைக் கூரைக்கு மேல் இரண்டடியாவது உயர்த்தி, கம்பியால் இழுத்துக் கட்டுதல் நலம். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கடலூரில் செய்ததை நாம் மறக்கவில்லை அல்லவா?

ஓர் எச்சரிக்கை: பழைய குழாய்கள் பல கல்நார் கலந்த சிமெண்டால் ஆனவை. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று ஐயமற்ற உண்மை. அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். நீரால் நனைத்து முழுதாகக் கழற்றி, இரும்புத் தகரக் குழாய் அல்லது சுட்டமண் குழாய் வையுங்கள்.

மேற்படி அங்கத்தினர் வீட்டில் பட்டையும் தொப்பியும் ஒரே பிற்பகலில் வைக்கப்பட்டன. கார்த்திகை மழையில் அடுப்பங்கரை மூலையில் மட்டும் சிறிது ஈரம் கண்டதாகவும், தறி நனையவில்லை என்றும் சொல்லியனுப்பினார். பதிவேட்டில் நான் இட்ட இரண்டாந்தரக் கையொப்பத்தை மாற்ற விதி இல்லை.

தனித்தனியே தகரவேலைக்காரரை அழைத்தால் செலவு கூடும். பத்து வீட்டுக்கு ஒருசேரச் சொன்னால் குறையும். நார் உருண்டையும் ஏணியும் சங்கத்தில் ஒன்று இருந்தால் ஊருக்கே போதும். ஆவணி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே காரியதரிசிகள் இதைப் பொருளாக வைத்தால், புரட்டாசிக்குள் வேலை முடியும்.