கறுப்புக் கரடிக்கு வெள்ளைக் குட்டி!

வெள்ளைக் கரடின்னதும் பனிக்கரடிதானே ஞாபகத்துக்கு வருது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மழைக்காட்டில் இருக்கும் 'ஸ்பிரிட் பேர்' வேற. இது அசல் கறுப்புக் கரடி இனம்; ரோமம் மட்டும் பாலாடை நிறம். மூக்கில் நிறம் இருக்கிறது, அதனால் அல்பினோவும் இல்லை. ஒரே ஒரு மரபணுவில் சின்ன மாற்றம், அவ்வளவுதான். தாய், தகப்பன் ரெண்டு பேர்கிட்டேருந்தும் அது வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். அதனால் கறுப்பு ஜோடிக்கும் வெள்ளைக் குட்டி பிறக்கலாம்! பகலில் சால்மன் பிடிக்க வெள்ளைக்கே யோகம். வெளிச்சமான வானத்தின் பின்னணியில் மீன் கண்ணுக்கு அது சட்டுனு தெரியறதில்லை.

சிக்கல் என்னன்னா, வெள்ளையைச் சுடத் தடை, கறுப்பைச் சுடலாம். எந்தக் கறுப்புக் கரடி அந்த மரபணுவைச் சுமக்குதுன்னு வேட்டைக்காரருக்கு எப்படித் தெரியும்? பூர்வகுடிகள் வலியுறுத்தியதால், 2022-ல் அவர்களின் நிலப்பகுதியில் கறுப்புக் கரடி வேட்டைக்கும் தடை வந்தது.