தணிந்த பயம் ஏன் திரும்புகிறது?

1924ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ருஷ்யாவின் லெனின்கிராடு நகரில் நேவா ஆறு கரை புரண்டது. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்படும் அந்நகரில்தான் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் இருந்தது. மணியோசை போன்ற அடையாளம் ஒன்றைக் கொடுத்து, உணவைக் காட்டாமலே நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதே பாவ்லோவ்தான்.

நாய்க் கூண்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நாய்களை நீந்த வைத்துத்தான் பத்திரமான கட்டடத்துக்குக் கொண்டு வர முடிந்தது. நாய்கள் பிழைத்தன. ஆனால் அவற்றுள் சிலவற்றிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. நன்றாகப் பழகியிருந்த அனிச்சைச் செயல்கள் மறைந்துவிட்டன. அடையாளம் கொடுத்தாலும் எச்சில் ஊறவில்லை.

பாவ்லோவின் குழுவினர் ஒரு நாயைப் பொறுமையாகப் பழக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தனர். பிறகு ஒரு நாள், சோதனை அறையின் கதவுக்கு அடியில் சிறிதளவு நீரை ஓசையின்றிக் கசிய விட்டனர். நாய் துள்ளி எழுந்தது. தரையைப் பார்த்துத் தவித்தது. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது. திரும்பப் பெற்ற பழக்கங்கள் மீண்டும் மறைந்தன. கதவடியில் வந்தது கைப்பிடி நீர். நாயின் மூளைக்கோ அது நேவா ஆற்று வெள்ளம்!

நம் பக்கத்து வெள்ளம்

இதை நம் ஊரிலும் காணலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மறுபடியும் தண்ணீர் நின்றது. இப்படி வெள்ளத்தில் சிக்கியவர்களில் சிலருக்கு, இரவில் மழை வலுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா சொன்ன பழமொழி அல்ல.

வெள்ளம் போன்ற வெளிப்படையான காரணம் இல்லாமலும் இத்தகைய படபடப்பு வரக்கூடும். திடீரென்று இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு முட்டும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும். ‘செத்துவிடுவேனோ, புத்தி பேதலித்துவிடுமோ’ என்ற திகில் வரும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின் மெல்லத் தணியும். இதைப் பீதித் தாக்கு என்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களிடம் கண்ட இதுபோன்ற படபடப்பை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதி வைத்தார். அதை இதயக் கோளாறு என்றே கருதினார். பீதி நோய் என்ற தனிப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்றது 1980இல்தான்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கவனித்துச் சங்கு ஊதும் காவல்காரன் அது. அது சங்கு ஊதியவுடன், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் இவ்வாறு ஆயத்தமாவதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915இல் விளக்கினார்.

பாம்பு எதிரே இருந்தால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். பாம்பே இல்லாமல் சங்கு ஒலித்தால்? ஓடவும் இல்லை, சண்டையிடவும் இல்லை. மூச்சு மட்டும் வேகமாக வாங்குகிறது. அப்போது உடல் உண்டாக்குவதைவிட அதிகமான கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை சுற்றும், விரல்கள் மதமதக்கும். பிராணவாயு போதவில்லை என்று தோன்றும். உண்மையில் அதற்குக் குறைவில்லை.

இந்த அறிகுறிகளை ‘மாரடைப்பு வருகிறது’ என்று மனம் தவறாகப் பொருள் கொள்ளும்போது பயம் இன்னும் கூடும். பயம் கூடினால் படபடப்பும் கூடும். செக்குமாடு போன்ற இந்தச் சுழற்சியை இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

அழிவதில்லை, அடங்குகிறது

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்திலுள்ள பள்ளிக்குப் போகிறாள். ஒரு நாள் நெரிசலில் அவளுக்குப் பீதித் தாக்கு வந்துவிட்டது. அதன்பின் ரயில் என்றாலே பயம். மனநல ஆலோசகரின் உதவியுடன் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதலில் வண்டலூர் வரை சென்றாள். பிறகு பெருங்களத்தூர் வரை. பிறகு தாம்பரம் வரை, தனியாகவே. ஆறு மாதம் தொல்லை இல்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிவிட்டாள். நாலைந்து நாள் சரியான தூக்கம் இல்லை. அடுத்த வாரம் ரயிலில் மீண்டும் அதே படபடப்பு! ‘பட்ட பாடெல்லாம் வீண்’ என்று அழுகிறாள்.

வீணா? இல்லை என்கிறது விஞ்ஞானம்.

மணியை அடித்து உணவு தராமலே விட்டால், நாய்க்கு எச்சில் ஊறுவது நாளடைவில் நின்றுவிடும். சில காலம் கழித்து மணியடித்தால் ஓரளவு மீண்டும் ஊறும். பழைய பாடம் அழியவில்லை, அடங்கியிருந்தது என்பதைப் பாவ்லோவே கண்டிருந்தார். 1979இல் மார்க் பூட்டனும் ராபர்ட் போல்ஸும் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். ஒரு பெட்டியில் ஓர் அடையாளத்துக்குப் பயப்படக் கற்ற எலிகளுக்கு, வேறொரு பெட்டியில் அந்தப் பயத்தைப் போக்கினர். முதல் பெட்டியில் திரும்ப விட்டபோது, பயம் மீண்டும் எழுந்தது!

ஆக, பயம் நீங்குவது என்பது கரும்பலகையைத் துடைப்பதன்று. பழைய பாடத்தின் அருகே, ‘இங்கே ஆபத்து இல்லை’ என்ற புதிய பாடத்தையும் எழுதுவது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி இந்தப் புதிய பாடத்தைக் கொண்டு அமிக்டலாவை அடக்கி வைக்கிறது. தூக்கம் கெட்டு மனமும் சோர்ந்திருக்கும் வேளையில் அந்தப் பிடி தளர்கிறது. உடலும் ஏற்கெனவே பாதி விழிப்பில் இருப்பதால், சிறு தூண்டுதலே போதும், சங்கு ஒலித்துவிடும்.

பிடி தளர்ந்தது என்பதற்காகப் புதிய பாடம் அழிந்துவிடவில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் மேடு பள்ளத்தில் விழுந்தால், ஓட்டத் தெரியாதவனாகிவிடுவானா?

மீண்டும் வந்தால் என்ன செய்யலாம்?

முதலாவது, பெயர் சொல்லி அறிந்துகொள்ளுங்கள். ‘இது பீதித் தாக்கு. முன்பும் வந்தது, போனது. இதுவும் போகும்’ என்று மனத்துக்குள் சொல்லுங்கள். தவறான பொருள் கொள்வதைத் தடுத்தால் செக்கின் சுற்று அறுந்துவிடும்.

இரண்டாவது, மூச்சை நிதானமாக்குங்கள். ஆழமாக இழுக்க முயல வேண்டாம். மூக்கு வழியே மெதுவாக இழுத்து, அதைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம்; ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

மூன்றாவது, கூடுமானவரை இடத்தை விட்டு ஓடாதீர்கள். நடு வழியில் இறங்கி ஓடினால், ‘ஓடியதால்தான் பிழைத்தோம்’ என்று மூளை தவறாகக் கற்றுக்கொள்ளும். தணியும் வரை இருந்துவிட்டால், ‘இருந்தும் ஒன்றும் ஆகவில்லை’ என்று கற்றுக்கொள்ளும்.

நான்காவது, மறுபடியும் படிப்படியாகத் தொடங்குங்கள். நாம் சொன்ன மாணவி மறுநாள் தாம்பரம் வரை போக முடியாவிட்டால் வண்டலூர் வரை போகட்டும். எலிச் சோதனை சொல்வதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே பெட்டி, ஒரே நேரம், ஒரே துணை என்று பழகாமல் காலை, மாலை, நெரிசல், மழை என்று பல நிலைகளில் பழகினால், புதிய பாடம் எங்கும் கைகொடுக்கும்.

ஐந்தாவது, தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். தேர்வு நாட்களில் இரவு முழுவதும் காப்பி குடித்துக் கண் விழிக்க வேண்டாம். காப்பியிலுள்ள கஃபீன் சிலருக்குப் பீதித் தாக்கையே தூண்டிவிடும்.

இவை மருத்துவத்துக்கு மாற்று அல்ல. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும், இரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். ஆகவே மருத்துவர் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் தாமதிக்கக் கூடாது. பீதித் தாக்கு அடிக்கடி வந்தாலும், பள்ளிக்குப் போவதே நின்றாலும் மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் சிகிச்சை பலருக்கு நல்ல பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்துகளும் உண்டு. முன்பு சிகிச்சை பெற்றவர்கள், நோய் திரும்பியதை வெட்கமாகக் கருதாமல் அதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

உடன் படிக்கும் தோழனுக்கு இப்படி நேர்ந்தால், ‘இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?’ என்று கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் அமருங்கள். ‘நான் இருக்கேன், மெதுவா மூச்சு விடு’ என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். கூட்டம் சூழ்ந்துகொள்ளாமல் பாருங்கள். பிறகு வீட்டாரிடமோ ஆசிரியரிடமோ சொல்ல அவனுக்குத் துணை நில்லுங்கள்.

பாவ்லோவின் நாய்க்குத் தன் உடலில் நடப்பது என்னவென்று தெரியாது. கதவடியில் வருவது கசிவா வெள்ளமா என்று கேட்டுப் பார்க்கவும் அதனால் முடியாது. நம்மால் முடியும். அந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்கப் பழகிக்கொண்டால், திரும்பி வந்த பயத்தை மீண்டும் அடக்க முடியும்.