பட்டறைகளில் இரும்புத் தகடுகளை அடுக்கும் முறை

உழவுத் தொழிலை ஒட்டி நம் கிராமங்களில் வளர்ந்து வரும் சிறு தொழில்களுள் வெல்டிங் பட்டறை குறிப்பிடத்தக்கது. 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. அவ்விளைச்சலைச் சேமிக்கும் தகரக் குதிர், ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் அடைப்பு, மாட்டுக் கொட்டகையின் கூரை, வீட்டு வாயிற்கதவு ஆகியவை இத்தகைய பட்டறைகளில்தாம் உருவாகின்றன.

பட்டறைக்கு மூலப்பொருள் இரும்புத் தகடு. கடன் பெற்றுத் தொழில் தொடங்கும் இளைஞரின் முதலில் பெரும்பங்கு இத்தகட்டிலேயே அடங்கிக் கிடக்கும். ஆயினும் அதனை வைக்கும் முறையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இடம் போதவில்லை என்று சுவரில் சார்த்திவிடுகின்றனர். இப்பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. இடமும் மிச்சமாகி, உயிருக்கும் பொருளுக்கும் கேடு நேராதவாறு தகட்டை அடுக்கும் எளிய முறை ஒன்று உண்டு. அதனை ஈண்டு விளக்குவோம்.

தகட்டின் எடை

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.85 கிலோ எடையுடையது. கடைகளில் பெருவழக்காக விற்கும் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 23 கிலோ இருக்கும். 2 மில்லிமீட்டரில் சுமார் 47 கிலோ. 3 மில்லிமீட்டரில் 70 கிலோ. ஆகவே 2 மில்லிமீட்டர் தகடு இருபதைச் சுவரில் சார்த்தினால், அங்கே 930 கிலோவுக்கு மேல் நிற்கிறது. 75 கிலோ பிடிக்கும் நெல்மூட்டைகள் பன்னிரண்டின் பாரம் அது. மூட்டைகள் அடுக்கப்பட்டிருப்பின் பாரம் கண்ணுக்குத் தெரியும். தகடோ ஒரு சாண் இடத்தில் ஒடுங்கி நிற்பதால் அதன் பாரம் நமக்குத் தோன்றுவதில்லை.

சார்த்தி வைப்பதன் ஆபத்து

பின்னால் இருக்கும் தகடு வேண்டுமானால் தொழிலாளி என்ன செய்கிறார்? முன்னுள்ள தகடுகளை ஒவ்வொன்றாகத் தம் பக்கம் சாய்த்துத் தொடையிலும் தோளிலும் தாங்கிக்கொள்கிறார். தகடு ஏறக்குறைய நேராக நிற்கும் வரையில் அதன் பாரம் முழுவதும் தரையிலே இறங்குகிறது. கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. இதுவே ஏமாற்றம். சாய்வு கூடக் கூடப் பாரம் ஆளின்மேல் ஏறும். ஐந்து தகடுகள் முப்பது பாகை சாய்ந்துவிட்டால், மேல் விளிம்பில் தாங்குவதற்கு 58 கிலோவுக்குச் சமமான விசை வேண்டும். அதற்கு மேலும் சாய்ந்தால் தாங்குதல் இயலாது. பின்வாங்கவும் நேரமிராது. காலும் இடுப்பும் நசுங்குவது இவ்வாறுதான்.

சுவரை ஒட்டி நேராக நிறுத்தினால் தகடு முன்புறம் கவிழும். மிகவும் சாய்த்து வைத்தால் அடி வழுக்கும். ஆதலின் வெறுஞ்சுவரில் சார்த்துவதற்குப் பாதுகாப்பான சாய்வு என்று ஒன்றை நம்பியிருத்தல் தகாது.

படுக்க வைப்பதன் குறை

தரையில் படுக்க வைத்தால் கவிழும் அச்சம் இல்லை. ஆனால் ஒரு தகடு 32 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். ஐந்து வகைத் தகடுகளைத் தனித்தனியே கிடத்த 160 சதுர அடி வேண்டும். இருபதடிக்கு இருபதடி உள்ள கொட்டகையில் இது ஐந்தில் இரண்டு பங்கு. இடத்தை மிச்சப்படுத்த ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாவற்றையும் போட்டால், அடியில் உள்ளதை எடுக்க மேலுள்ளவை அனைத்தையும் புரட்ட வேண்டும். உழைப்பும் வீண், முதுகும் நோகும், தகட்டிலும் கீறல் விழும்.

சட்டகம் அமைக்கும் முறை

இவ்விரு குறைகளும் நீங்க, தகட்டை நிறுத்தியே வைக்கவேண்டும். ஆனால் சார்த்தாமல், இருபுறமும் தடுப்புள்ள அறைக்குள் நிறுத்தவேண்டும். புத்தக அலமாரியில் நூல்கள் நிற்பதுபோலத் தகடுகள் நிற்கும். ‘ரேக்’ என்று பட்டறையினர் வழங்கும் இச்சட்டகத்தை அவர்களே ஆங்கிளும் குழாயும் கொண்டு செய்துகொள்ளலாம்.

தகட்டின் 8 அடிப் பக்கம் கீழே இருக்கட்டும். ஒவ்வோர் அறையும் 4 அங்குல அகலம் போதும். அறைகளுக்கு இடையே, நீளவாக்கில் மூன்று இடங்களில், மூன்றரை அடி உயரமுள்ள தூண்கள் வேண்டும். அடிச்சட்டத்தைத் தரையினின்று ஆறு அங்குலம் உயர்த்தி, அதன்மேல் மரச்சட்டமோ உருளும் குழாயோ பொருத்தினால் தகடு எளிதில் நகரும். சட்டகத்தைச் சமமான சிமெண்டுத் தரையில் போல்ட் கொண்டு இறுக்குதல் இன்றியமையாதது. இறுக்காத சட்டகமும் சார்த்திய தகடும் ஒன்றே.

ஐந்து அறைகளும் தூண்களும் சேர்ந்து மூன்றடி அகலத்துள் அடங்கும். சட்டகத்திற்கு 24 சதுர அடி, தகட்டை நீளவாக்கில் இழுத்தெடுக்க அதன் முனையில் 24 சதுர அடி. ஆக 48 சதுர அடி. படுக்க வைப்பதற்குத் தேவையான இடத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் இது குறைவு. அந்த முனை கொட்டகை வாயிலை நோக்கியிருந்தால் வண்டியிலிருந்து இறக்குவதும் எளிது.

அறைக்கு எத்தனை தகடு என்பதை எழுதி மாட்டவேண்டும். 2 மில்லிமீட்டர் தகடு பத்து என்றால் ஓர் அறையில் 470 கிலோ. ஐந்து அறைகளில் இரண்டேகால் டன்னுக்கு மேல் ஏறும். தூணும் தரையும் அதனைத் தாங்குமாறு அமைத்தல் வேண்டும். 22 கேஜுக்கு மெலிந்த தகடுகள் நிறுத்தினால் வளையக்கூடும். அவற்றை மட்டும் தாழ்வான தட்டுகளில் படுக்க வைக்கலாம். வெட்டி எஞ்சிய துண்டுகளுக்குச் சிறிய அறை தனியே இருக்கட்டும்.

ஈரமும் துருவும்

துத்தநாகம் பூசிய தகடு துருப்பிடிக்காது என்று பலர் கருதுகின்றனர். நெருக்கமாக அடுக்கிய தகடுகளின் இடையே நீர் புகுந்து, காற்றுப் படாமல் தங்கினால், அப்பூச்சே வெண்பொடியாக மாறிக் கெடும். இதனை வெள்ளைத் துரு என்பர். கல்வராயன் மலையில் இவ்வாபத்து மிகுதி. இரவில் குளிர்ந்த தகட்டின்மேல் காலை ஈரக்காற்றுப் பட்டால் மழையின்றியே நீர் கோத்துக்கொள்ளும். ஆதலின் வெள்ளிமலை முதலிய மலையூர்களில் கூரைத் தகடுகளைத் தரையில் குவித்துப் பாலிதீன் தாளால் இறுக மூடலாகாது. நீர் வடியுமாறும் காற்று ஊடாடுமாறும் சட்டகத்தில் நிறுத்தி, மேலே மட்டும் கூரையிடுதல் நன்று.

தகட்டைக் கையாளும்போது

விளிம்பில் உள்ள பிசிறு கத்திபோல் அறுக்கும். தோல் கையுறையும் கனத்த காலணியும் இன்றித் தகட்டைத் தொடலாகாது. பெரிய தகட்டை இருவர் சேர்ந்தே எடுக்கவேண்டும். காற்று வீசும்போது திறந்த வெளியில் தூக்கிச் செல்லுதல் கூடாது. விழும் தகட்டைப் பிடிக்க முயலாமல் விலகி நிற்பதே அறிவுடைமை. மலைப்பாதையில் கொண்டுசெல்லும்போது வண்டியில் படுக்க வைத்து, முன்னும் பின்னும் நகராதவாறு கட்டுதல் வேண்டும். வளைவுகளில் வண்டி திரும்பும்போது தகடும் வழுக்கும்.

நாம் செய்யத்தக்கவை

பட்டறை சாலையோரமாய் இருப்பின், வெளிச்சுவரில் சார்த்திய தகட்டின் நிழலில் குழந்தைகள் விளையாடுவதும் ஆடுகள் ஒதுங்குவதும் உண்டு. ஆகவே இது பட்டறைக்காரர் ஒருவரின் காரியம் மட்டுமன்று. ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தம் ஊர்ப் பட்டறைகளைப் பார்த்து, சட்டகம் அமைக்குமாறு எடுத்துரைக்கலாம். பள்ளி, சத்துணவுக் கூடம் முதலியவற்றின் பழைய கூரைத் தகடுகளைக் கழற்றியபின் சுவரில் சார்த்தி மறந்துவிடாமல், உடனே பத்திரப்படுத்தச் செய்யலாம். குதிருக்கோ கதவுக்கோ முன்பணம் தரும் உழவர்கள், தகடு எவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை நோக்கட்டும். தகடு துருவேறாமல் நிற்கும் பட்டறையில் வாங்கும் குதிர் நீண்ட நாள் உழைக்கும்.

சட்டகத்திற்கு வேண்டிய ஆங்கிளும் குழாயும் பட்டறையிலேயே உள்ளன. வெல்டிங் செய்யும் கையும் அங்கேயே உள்ளது. இரண்டொரு நாள் உழைப்பில் ஆகக்கூடிய இக்காரியத்தை அடுத்த மழைக்கு முன்னரே முடித்துக்கொள்வோமாக.