வீட்டிலேயே ஸ்பானிஷ் பாடம்: தமிழ் வழியாகக் கற்றால் எளிது

தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம் இருக்கும் சாலைக்கு பெனிட்டோ ஹுவாரஸ் சாலை என்று பெயர். ஆர்.கே. புரம், மோதிபாக் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் பஸ்ஸில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகிறவர்கள்தாம். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஜுவாரஸ்’ என்று படிப்பதே வழக்கம். ஸ்பானிஷ்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார். அந்த எழுத்துக்கு அவர் மொழியில் ‘ஹ’ என்பதே ஒலி.

யார் இந்த ஹுவாரஸ்? 1858 முதல் 1872 வரை மெக்ஸிகோவின் குடியரசுத் தலைவராக இருந்தவர். 1806-ல் ஒரு மலைக்கிராமத்தில், சபோடெக் என்ற பழங்குடியில் பிறந்தார். சின்னஞ்சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். 12 வயது வரை அவருக்கு ஸ்பானிஷ் சரியாகப் பேச வராது. 1818-ல் நடந்தே நகரத்துக்கு வந்து, அக்காள் சமையல் வேலை செய்த வீட்டில் ஒண்டிக்கொண்டார். பிறகு புத்தகம் பைண்டு செய்யும் ஒருவர் அந்தச் சிறுவனைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பிழைக்க வந்த ஊரில், ஒரு வீட்டில் கற்ற மொழிதான் அவரை நாடாளும் நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றால் மிகையாகாது.

இன்று தில்லியில் ஸ்பானிஷ் கற்கப் பல வழிகள் உண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு இருக்கிறது. கன்னாட் பிளேஸ் அருகே ஹனுமான் ரோட்டில், ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் கலாசார மையம் 2009 முதல் இயங்கி வருகிறது. ஆபீஸ் முடிந்து அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும், குழந்தைகளைத் தனியாக அனுப்பத் தயங்குகிறவர்களுக்கும் இன்னொரு வழி, வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் டியூஷன்.

ஆனால் நம்மவர்களில் பலருக்கு ஒரு தயக்கம். “இங்கிலீஷே தட்டுத்தடுமாறிப் பேசுகிறோம். நமக்கு ஸ்பானிஷா?” என்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம், அயல்நாட்டு மொழி எதுவானாலும் ஆங்கிலத்தின் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்ற எண்ணம். ஸ்பானிஷைப் பொறுத்தவரை இது தவறு. பல இடங்களில் ஆங்கிலத்தை விடத் தமிழே கிட்டத்தில் இருக்கிறது.

தமிழ் நாக்குக்கு ஏற்ற ஒலி

ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்துதான். அ, எ, இ, ஒ, உ என்று தமிழ்க் குழந்தை சொல்வதை ஏறக்குறைய அப்படியே சொல்லலாம். ஆங்கிலத்தைப் போல ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேஷம் மாற்றாது. ‘மூன்று’ என்பதற்கு ‘த்ரேஸ்’. இங்கே வருவது நம்முடைய ‘த’. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் ‘ட்ரேஸ்’ என்று சொல்லிவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளப் பாடுபடுவார்.

‘நாளை’ என்பதற்கு ‘மஞானா’. இந்த ‘ஞ’ ஒலிக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்தே கிடையாது; நமக்கோ அரிச்சுவடியிலேயே வந்துவிட்டது. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. அதே சொல்லில் ரகரத்தை அழுத்தி உருட்டினால் ‘நாய்’. மரம், மறம் என்று வேறுபடுத்திச் சொல்லச் சொல்லி வாத்தியார் காதைத் திருகியதெல்லாம் இங்கே பயன்படும்.

இலக்கணத்திலும் உறவு

‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘ஆப்லாஸ்’, பேசுகிறாய். ‘ஆப்லாமோஸ்’, பேசுகிறோம். சொல்லின் கடைசியைப் பார்த்தாலே பேசுகிறவர் யார் என்று தெரிந்துவிடும். ‘நான்’, ‘நீ’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலும் இதே வழக்கம்தானே? நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. நண்பனுக்கு ‘தூ’, மேலதிகாரிக்கு ‘உஸ்தெத்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

எல்லாவற்றையும் விட ஆச்சரியமானது இது. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதை ஸ்பானிஷில் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்கிறார்கள். ‘மே’ என்றால் எனக்கு. ‘நான் காபியை விரும்புகிறேன்’ என்ற ஆங்கில அமைப்பு இங்கே இல்லை. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அப்படித்தான்: ‘மே துவேலே லா கபேசா’. ஆங்கிலம் வழியாகக் கற்கிறவர்களை நெடுநாள் குழப்பும் இந்த இடத்தை, தமிழர் ஒரே நாளில் தாண்டிவிடலாம். சொல்லித்தருகிறவர் தமிழ் அறிந்தவராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புதிய வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்துக்குப் பதில் தமிழை எழுதிக்கொள்ளலாம்.

சில சொற்கள் கூட நம் வீட்டில் முன்பே குடியேறியவை. மேசை, அலமாரி இரண்டும் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்றவை. அந்த மொழி ஸ்பானிஷின் உடன்பிறப்பு. எனவே ஸ்பானிஷிலும் மேசைக்கு ‘மேசா’, அலமாரிக்கு ‘அர்மாரியோ’.

கஷ்டம் இல்லாமலா?

கஷ்டமும் உண்டு. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் பார்க்க வேண்டும். தில்லிக்கு வந்து இந்தி கற்றவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானதே. ஆனால் கணக்கு ஒன்றாக இருக்காது. புத்தகம் இந்தியில் பெண்பால், ஸ்பானிஷில் ஆண்பால். பெரும்பாலும் ‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால். ஆயினும் கையைக் குறிக்கும் ‘மானோ’ பெண்பால், நாளைக் குறிக்கும் ‘தியா’ ஆண்பால். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

‘இரு’ என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள் இருப்பது அடுத்த சங்கடம். ‘நான் தமிழன்’ என்பதற்கு ஒன்று, ‘களைப்பாக இருக்கிறேன்’ என்பதற்கு மற்றொன்று. தமிழ் வாக்கியங்களுக்கிடையே உள்ள வேறுபாடு இங்கே ஓரளவு கைகொடுக்கும்; எல்லா இடத்திலும் அல்ல.

எத்தனை நாளில் வரும்?

‘மூன்றே மாதத்தில் சரளம்’ என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு நடத்தும் பயிற்சியில், ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிஷில் நல்ல தேர்ச்சி பெற 600 முதல் 750 மணி நேர வகுப்பு தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு மணி நேரம் டியூஷன் என்றால் ஆண்டுக்கு 100 மணி. வகுப்பை மட்டும் நம்பினால் ஆறேழு ஆண்டுகள் ஆகும்.

ஆகவே வீட்டுப் பாடத்தின் பலன் வாத்தியார் வராத ஐந்து நாட்களில்தான் இருக்கிறது. காலையில் அரை மணி வாய்விட்டுப் படித்தல், ரேடியோ அல்லது செல்போனில் ஸ்பானிஷ் பேச்சைக் கேட்டல், கணவனும் மனைவியும் நாலு வாக்கியம் பேசிப் பழகுதல் எல்லாம் சேர்ந்தால் காலம் வெகுவாகக் குறையும்.

வயதாகிவிட்டது என்று பின்வாங்கவும் வேண்டாம். எம்.என். ராய் 1917-ல் மெக்ஸிகோ போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 30 வயது. 1918-லேயே இந்தியாவைப் பற்றி ஸ்பானிஷில் அவர் எழுதிய நூல் அங்கே வெளிவந்துவிட்டது.

வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கும்போது

முதலில் அவர் எங்கே படித்தார், எந்த நிலைத் தேர்வு எழுதியிருக்கிறார் என்று கேட்க வேண்டும். ஸ்பானிஷுக்கு ‘தெலே’ என்ற சர்வதேசத் தேர்வு உண்டு. ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். முதல் படியை மட்டும் தாண்டியவர் பிறருக்குப் பாடம் நடத்துவது பொருத்தமல்ல.

ஒரு வகுப்பைச் சோதனையாக நடத்தச் சொல்லிப் பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவன் எத்தனை தடவை வாய் திறந்தான் என்பதே அளவுகோல். ஆசிரியரே பேசி, ஆசிரியரே எழுதிவிட்டுப் போனால் பயனில்லை. ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே கேட்டால் கொடுக்கக் கூடாது. மாதாமாதம் கொடுத்தால் போதும். ஒரே குவார்ட்டர்ஸில் இருக்கும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்துகொண்டால் செலவும் குறையும், பேச ஆளும் கிடைக்கும். குழந்தைகளுக்குப் பாடம் நடக்கும்போது பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பது அவசியம்.

வீட்டில் படித்தவர்களும் தெலே தேர்வு எழுதலாம். 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குத் தனித் தேர்வும் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. ஆனால் முதல் நிலைச் சான்றிதழைக் காட்டினால் உடனே வேலை கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. மொழிபெயர்ப்பு, சுற்றுலா வழிகாட்டி, ஏற்றுமதி நிறுவனம் போன்றவற்றில் நுழைய நடுநிலையைத் தாண்டிய தேர்ச்சி வேண்டும். சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு மொழிக்கு அந்த உழைப்பு தகும்.

தமிழைக் கொடுத்து வாங்க வேண்டாம்

பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தில் ஸ்பானிஷும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. சில வீடுகளில், “தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது? அந்த நேரத்தில் ஸ்பானிஷ் படிக்கட்டும்” என்கிறார்கள். இது நஷ்டக் கணக்கு. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று தமிழில் பிழையின்றிச் சொல்லத் தெரிந்த குழந்தைக்குத்தான் ‘மே குஸ்தா’ சட்டென்று விளங்கும். அந்தத் தமிழ் இல்லாவிட்டால், ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் வளரும் குழந்தைக்குத் தெருவே தமிழ் சொல்லிக்கொடுத்துவிடும். தில்லியில் வளரும் குழந்தைக்கு வீடு ஒன்றுதான் பள்ளிக்கூடம். ஸ்பானிஷுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிற பெற்றோர், தமிழ் எழுத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அதற்குச் சம்பளம் வாங்கும் வாத்தியார் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்தால் போதும்.