கம்பி எட்டாத ஒரு பிரதி

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் தகவல் மையத்தில் லித்தியம் அயன் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி டிரைவ்' அதில் முழுவதுமாக அழிந்தது. அளவு 858 டெராபைட். வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. கொள்ளளவு மிகப் பெரியது, அதனால் வெளியே இன்னொரு பிரதி வைக்கவில்லை என்றார்கள் அதிகாரிகள்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு எங்கள் ஸ்கேன் படங்கள்தான் நினைவுக்கு வந்தன. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் ஒருவருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் பழைய சிடி ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். பில் தொலைந்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். போன வருஷத்து நுரையீரலை இந்த வருஷம் படம் எடுக்க முடியாது. அதனால் பேக்கப் எடுப்பதை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன்.

பேக்கப் திட்டம் என்றதும் பலர் எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவிலும் போய் உட்கார்ந்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இப்போது எல்லாம் போய்விட்டால், எவ்வளவு நேரத்து வேலையை நீங்கள் இழக்கத் தயார்? எவ்வளவு நேரத்துக்குள் அது திரும்பி வர வேண்டும்? எங்கள் பார்மசியில் ஒரு மணி நேரத்து பில்லைத் திரும்பப் போட்டுக்கொள்வோம், அதற்கு மேல் முடியாது என்றார்கள். பழைய ஸ்கேன் படங்கள் வர ஒரு நாள் ஆனாலும் ரேடியாலஜி பிரிவு சமாளிக்கும், ஆனால் ஒரு படம்கூடக் குறையக் கூடாது. இந்தப் பதில்கள் கையில் இருந்தால்தான் எதை மணிக்கொரு முறை எடுப்பது, எதை இரவில் எடுப்பது, எதை வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

அடுத்தது கணக்கு. எங்களிடம் இருப்பது சுமார் 9 டெராபைட். சாதாரண ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் போகும். மொத்தத்தையும் நகலெடுக்கக் கிட்டத்தட்ட 23 மணி நேரம் ஆகும். இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணிவரை கிடைக்கும் நேரத்தில் 3 டெராபைட்கூட நகராது. தினமும் முழு பேக்கப் எடுக்கப் பார்த்தால், காலையில் ஓ.பி. சீட்டுப் போடும் நேரத்திலும் நெட்வொர்க்கில் அது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் சனி இரவில் முழு பேக்கப், மற்ற இரவுகளில் அன்றன்று மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப் என்று பிரித்துக்கொள்கிறோம்.

டேட்டாபேஸில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். பில் விழுந்துகொண்டே இருக்கும்போது அதன் ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால், முன்பாதி பத்து மணி நிலவரமாகவும் பின்பாதி பத்தே கால் நிலவரமாகவும் இருக்கும். அந்த நகல் திறக்காமலே போகலாம். டேட்டாபேஸ் மென்பொருளே ஒரு நொடியின் நிலவரத்தை ஒழுங்காக எழுதித் தரும் வசதி உண்டு. முதலில் அதை எழுத வைத்து, அந்த ஃபைலைத்தான் பேக்கப்புக்கு அனுப்ப வேண்டும்.

டிஸ்க்கா, டேப்பா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. ஒரு நர்ஸ் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால், டிஸ்க்கிலிருந்து சில நிமிடங்களில் எடுத்துக் கொடுத்துவிடலாம். டேப்பில் அந்த இடம்வரை சுற்றிப் போய்த்தான் படிக்க வேண்டும். ஆனால் டேப்புக்கு டிஸ்க்கிடம் இல்லாத ஒரு குணம் இருக்கிறது. டிரைவிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்த பிறகு, எந்த வைரஸும் எந்த ஹேக்கரும் அதைத் தொட முடியாது.

நாங்கள் பயன்படுத்துவது எல்டிஓ-8 என்ற தலைமுறை டேப். உள்ளங்கையில் அடங்கும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே அரை அங்குல அகலத்தில் 960 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். அதில் சுருக்காமலே 12 டெராபைட் கொள்ளும். எங்கள் டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் எழுதும். நெட்வொர்க்கிலிருந்து நேரடியாக அதற்குத் தரவு கொடுத்தால் வேகம் போதாது. நாடா நின்று, கொஞ்சம் பின்னே சுற்றி, மறுபடி ஓடும். இப்படியே நடந்தால் நாடாவும் தேயும், டிரைவின் தலையும் தேயும். அதனால் முதலில் எல்லாம் பேக்கப் சர்வரின் டிஸ்க்கில் வந்து சேரும். அங்கிருந்து நிற்காமல் டேப்புக்குப் போகும். 9 டெராபைட்டும் எட்டரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும்.

எழுதி முடிந்ததும் பெட்டியின் விளிம்பிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகத்தால் தள்ளிப் பூட்டுவோம். அதை மறுபடி திறக்கும்வரை அந்த டேப்பில் டிரைவ் எதையும் எழுதாது. பார்கோடு எண்ணை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். வார டேப்புகள் சுழற்சியில் திரும்ப வரும். மாதக் கடைசி டேப் கட்டடத்தை விட்டே வெளியேறி வேறு இடத்து லாக்கருக்குப் போய்விடும். நோயாளிகளின் விவரம் இருப்பதால் என்கிரிப்ட் செய்துதான் எழுதுகிறோம். அதற்கான சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு, டேப் இல்லாத வேறொரு பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். சாவி தொலைந்தால் டேப் இருந்தும் பயனில்லை. வைக்கும் இடம் 16 முதல் 25 டிகிரிக்குள், ஈரமில்லாமல் இருக்க வேண்டும். திருச்சி வெயிலில் மாடியறை இதற்கு ஆகாது. இன்னொன்று: எல்டிஓ-8 டிரைவ், எல்டிஓ-7 டேப்பைப் படிக்கும், எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. டிரைவை மாற்றும்போது பழைய டேப்புகளையும் புதியதுக்கு மாற்றி எழுதியாக வேண்டும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதியைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். அது ஏன் வேண்டும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலின் மென்பொருள் பிழையால் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போயின. கூகுள் பல தகவல் மையங்களில் பிரதிகள் வைத்திருந்தும், பிழை அவற்றையும் பாதித்தது. கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முடக்கியது. ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட்வரை கையால் எழுத வேண்டியதாயிற்று. பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தரவை மீட்டதாகப் பின்னர் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. இப்படி நுழைபவர்கள் பல நேரம் பேக்கப்பைத் தேடி அழித்துவிட்டுத்தான் பணம் கேட்கிறார்கள். ஆகவே பேக்கப் சர்வரின் பாஸ்வேர்டு, மற்ற சர்வர்களின் பாஸ்வேர்டாக ஒருபோதும் இருக்கக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும், திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் நம்புவதில்லை. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு இன்ஜினீயர் சர்வர் மாறி, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பாதுகாப்பு இருந்தும் எதுவும் நினைத்தபடி கைகொடுக்கவில்லை. தினசரி நகல் எடுக்கும் வேலை வெகுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மெயில்களோ யாருக்கும் போய்ச் சேரவே இல்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

எங்களிடம் மாதம் ஒருநாள் ரீஸ்டோர் நாள், அதாவது பேக்கப்பைத் திருப்பி எடுத்துப் பார்க்கும் நாள். என்னோடு வேலை செய்யும் பையன் ஒருமுறை கேட்டான்: "அண்ணே, ரிப்போர்ட்ல எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, எதுக்கு மறுபடியும் எடுத்துப் பாக்கணும்?"

"பச்சைன்னா எழுதி முடிச்சாச்சுன்னு அர்த்தம் தம்பி. திரும்ப வருமான்னு அது சொல்லாது" என்றேன்.

லாக்கரிலிருந்து ஏதாவது ஒரு டேப்பைக் கொண்டுவந்து, அதிலுள்ள ஒரு ஸ்கேனைத் தனி சர்வரில் இறக்குவோம். ரேடியாலஜி டாக்டர் அதைத் திறந்து, எல்லா அடுக்குகளும் வந்திருக்கின்றன என்று சொன்ன பிறகுதான் நோட்டில் டிக் விழும். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதி வைக்கிறோம். உண்மையான ஆபத்து நாளில் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.

நீங்கள் நடத்துவது பள்ளியோ, மில்லோ, கூட்டுறவுச் சங்கமோ, இந்த வாரமே உங்கள் கம்ப்யூட்டர் பொறுப்பாளரைக் கூப்பிட்டு இரண்டே கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள்? கம்பி எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருக்கிறதா? தேதியோடு பதில் வராவிட்டால், அவரைத் திட்டாதீர்கள். அதைச் செய்ய அவருக்குத் தேவையான டிஸ்க்கையும் டேப்பையும் நேரத்தையும் கொடுங்கள்.